சரத்தை முழு எண்ணாக மாற்ற எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

திரையில் தெரியும் "42" என்ற எழுத்துகளும் 42 என்ற எண்ணும் நம் கண்ணுக்கு ஒன்றுதான். கணினிக்கு அவை வேறு வேறு. சரமாக, அதாவது எழுத்துகளின் தொடராக, இருக்கும்போது அது 52, 50 என்ற மதிப்புகளைக் கொண்ட இரண்டு பைட்டுகள். முழு எண்ணாக இருக்கும்போது அது பெரும்பாலும் 4 பைட்டுகளில் அமர்ந்திருக்கும் ஒற்றை மதிப்பு. விசைப்பலகையிலிருந்தும் கோப்பிலிருந்தும் வலைப்பின்னல் வழியாகவும் வரும் எண்கள் பெரும்பாலும் சர வடிவிலேயே வருவதால், ஏறக்குறைய எல்லா நிரல்களும் எங்கோ ஓரிடத்தில் இந்த மாற்றத்தைச் செய்தே ஆகவேண்டும். அதற்கான வழிகளும் ஒன்றிரண்டு அல்ல. சி, சி++ ஆகிய இரண்டு மொழிகளில் மட்டுமே அன்றாடப் பயன்பாட்டில் ஏழெட்டு வழிகள் இருக்கின்றன.

இவற்றில் எது வேகமானது என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். வேகம் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பது என் உறுதியான கருத்து. "42" என்ற சரத்தைக் கொடுத்தால் எல்லா வழிகளும் 42 என்றுதான் தரும். ஆகவே சரியான உள்ளீட்டை வைத்துக்கொண்டு எந்த வழியையும் எடைபோட முடியாது. சரத்தில் எண்ணே இல்லாதபோதும், முன்பாதி மட்டும் எண்ணாக இருக்கும்போதும், எண் தன் கொள்ளளவைத் தாண்டும்போதும் ஒரு செயற்கூறு (இந்த மாற்றத்தைச் செய்துதரும் நிரல்துண்டு) அந்தத் தவற்றை நம்மிடம் சொல்கிறதா, எப்படிச் சொல்கிறது என்பதே தேர்வைத் தீர்மானிக்க வேண்டும்.

இதை நான் கற்றது ஒரு பிழையின் வழியாகத்தான். நான் பராமரித்த ஒரு சேவையில், பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் அமைவுக் கோப்பிலிருந்து படிக்கப்பட்டது. 30 நொடி என்று இருக்க வேண்டிய இடத்தில், சுழிக்குப் பதிலாக ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஓ' தட்டச்சாகியிருந்தது. மாற்றும் செயற்கூறு 3 வரை படித்து, எழுத்தைக் கண்டதும் நின்று, 3 என்ற மதிப்பைத் தந்துவிட்டது. நிரல் முறியவில்லை, எச்சரிக்கையும் எழுதவில்லை. சுமை கூடும் நேரங்களில் மட்டும் இணைப்புகள் அறுந்துகொண்டிருந்தன. கோப்பைத் திறந்து பார்த்தபோதும் எழுத்துருவில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிந்ததால், காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாட்கள் ஆயின. தொடக்கத்திலேயே "இது எண் அல்ல" என்று நின்றிருந்தால் இரண்டு நிமிட வேலை அது.

ஆகவே ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்கும் கேள்விகள் ஐந்து. வெற்றுச் சரத்தையோ இலக்கமே இல்லாத சரத்தையோ கொடுத்தால் என்ன ஆகும்? "42கிமீ" போல எண்ணுக்குப் பின் ஏதேனும் ஒட்டியிருந்தால் என்ன ஆகும்? 32 பிட் முழு எண்ணின் எல்லையான 2147483647-ஐத் தாண்டினால் என்ன ஆகும்? முன்னால் இடைவெளியோ கூட்டல் குறியோ இருந்தால் ஏற்குமா, மறுக்குமா? சுழியில் தொடங்கும் "010" என்ற சரத்தைப் பத்தாகக் கொள்ளுமா, எட்டாகக் கொள்ளுமா?

சி மொழியின் வழிகள்

ஏ-டு-ஐ என்பது இவற்றுள் மிகப் பழையது. 'ஆஸ்கியிலிருந்து இன்டீஜருக்கு', அதாவது எழுத்துக் குறியீட்டிலிருந்து முழு எண்ணுக்கு, என்பதே அந்தப் பெயரின் விரிவு. சரத்தைக் கொடுத்தால் எண்ணைத் தருகிறது. வேறு எதுவும் கேட்பதில்லை. கற்றுக்கொடுப்பதற்கு எளிது என்பதால் பாடப்புத்தகங்களில் நிலைத்துவிட்டது. ஆனால் மேற்சொன்ன கேள்விகளில் முதல் மூன்றிலும் அது தோற்கிறது. இலக்கமே இல்லாத சரத்துக்கு அது 0 தருகிறது. "0" என்ற சரத்துக்கும் அதே 0 தருகிறது. இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. எண்ணுக்குப் பின் ஒட்டியிருப்பதைப் பேசாமல் விட்டுவிடுகிறது. எண் கொள்ளளவைத் தாண்டினால் என்ன நடக்கும் என்பதைச் சி தரநிலை வரையறுக்காமலே விட்டிருக்கிறது. அதாவது ஒரு கம்பைலரில் (நிரலை இயந்திர மொழியாக்கும் மென்பொருளில்) ஒரு விடையும் இன்னொன்றில் இன்னொரு விடையும் வரலாம், எதையும் நம்பக் கூடாது. சரம் உங்கள் நிரலுக்குள்ளேயே உருவாகி, அதில் இலக்கங்கள் மட்டுமே உள்ளன என்பது ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டிருந்தால் தவிர, இதைப் பயன்படுத்த எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

எஸ்-ஸ்கேன்-எஃப் ஒரு படி மேல். எத்தனை மதிப்புகள் வெற்றிகரமாகப் படிக்கப்பட்டன என்ற எண்ணிக்கையைத் தருவதால், இலக்கமே இல்லாத சரத்தைக் கண்டுகொள்ள முடிகிறது. ஒரே வரியில் பல எண்களைப் பிரித்தெடுக்க வசதியானது. ஆனால் எல்லை மீறலை இதுவும் வரையறுக்கவில்லை. போதாததற்கு, இதன் பல செயலாக்கங்கள் ஒவ்வொரு அழைப்பிலும் சரத்தின் முழு நீளத்தையும் முதலில் அளந்துவிட்டே படிக்கத் தொடங்குகின்றன. சிறிய சரத்தில் அது தெரியாது. பெரிய கோப்பு முழுவதையும் ஒரே சரமாக வைத்துக்கொண்டு அதன் ஒவ்வொரு எண்ணுக்கும் இதை அழைத்தால், வேலை கோப்பு நீளத்தின் இருபடியாகப் பெருகும். 2021-ல் மிகப் பிரபலமான ஓர் இணைய விளையாட்டு தொடங்குவதற்குப் பல நிமிடங்கள் எடுத்துக்கொண்டதன் காரணத்தை வெளியாள் ஒருவர் ஆராய்ந்தபோது, சுமார் 10 மெகாபைட் ஜேசன் கோப்பை இப்படிப் படித்ததும் அதற்கான இரண்டு காரணங்களுள் ஒன்று என்று வெளிப்பட்டது. வேகத்தைக் கடைசிக் கேள்வி என்று சொன்ன நானும் இங்கே அதைக் கணக்கில் எடுக்கிறேன். ஏனெனில் இது ஒன்றிரண்டு நானோநொடி வேறுபாடு அல்ல, உள்ளீடு வளர வளர நிரலையே நிறுத்திவிடும் வேறுபாடு.

சி மொழியில் பொறுப்பான தேர்வு ஸ்டர்-டு-எல், அதாவது 'சரத்திலிருந்து லாங் என்ற முழு எண் வகைக்கு' மாற்றும் செயற்கூறு. இது மூன்று தகவல்களைக் கேட்கிறது: சரம், படிப்பு எங்கே நின்றது என்பதை எழுதிவைக்க ஒரு சுட்டி (நினைவக இடத்தைக் காட்டும் மாறி), எண்ணின் அடிமானம் (பத்தின் அடிப்படையா, எட்டின் அடிப்படையா என்பது). அந்த இரண்டாவது தகவலில்தான் இதன் சிறப்பே இருக்கிறது. படிப்பு நின்ற இடம் சரத்தின் தொடக்கமாகவே இருந்தால், எண்ணே இல்லை என்று பொருள். நின்ற இடத்தில் சரம் முடியவில்லையென்றால், பின்னால் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று பொருள். எண் எல்லை மீறினால், லாங் வகையின் உச்ச மதிப்பையோ அடிமட்ட மதிப்பையோ தந்து, எர்னோ என்ற பொது மாறியில் வரம்பு மீறல் என்று குறித்துவைக்கிறது. ஐந்து கேள்விகளுக்கும் இதனிடம் விடை உண்டு.

ஆனால் அந்த விடைகளைக் கேட்டு வாங்கும் பொறுப்பு நம்முடையது. அதில் தவறுவதற்கு இடங்கள் பல. வெற்றிகரமான அழைப்பு எர்னோவைச் சுழியாக்குவதில்லை என்பதால், அழைப்பதற்கு முன் நாமே அதைச் சுழியாக்க வேண்டும்; மறந்தால் முன்பு எப்போதோ நேர்ந்த பிழை இப்போது நேர்ந்ததாகத் தெரியும். அடுத்தது லாங் வகையின் அளவு. 64 பிட் லினக்ஸில் அது 8 பைட்டு; விண்டோஸில் 4 பைட்டு. "3000000000" என்ற சரம் விண்டோஸில் வரம்பு மீறல் என்று பிடிபடும். லினக்ஸில் பிழையின்றித் தேறிவிட்டு, 32 பிட் மாறியில் போடும்போது வழக்கமாக -1294967296 என்று மாறிவிடும். ஆகவே 32 பிட் எல்லைகளோடு ஒப்பிடும் சோதனையையும் தனியே எழுத வேண்டும். அடிமானத்தைச் சுழி என்று கொடுத்தால் சரத்தின் முன்னொட்டைப் பார்த்துச் செயற்கூறே அடிமானத்தை ஊகிக்கும். அப்போது "010" என்பது எட்டாகிவிடும். மனிதர்கள் தட்டச்சு செய்யும் எண்களுக்கு எப்போதும் 10 என்று வெளிப்படையாகவே எழுதுவது நல்லது.

குறியில்லா எண்ணுக்கான உடன்பிறப்பான ஸ்டர்-டு-யுஎல் இன்னும் கவனம் கோருவது. "-1" என்ற சரத்தை அது மறுக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். அது கழித்தல் குறியை ஏற்று, 64 பிட் லாங் உள்ள இடத்தில் 18446744073709551615 என்ற மாபெரும் எண்ணைப் பிழைக்குறிப்பு எதுவுமின்றித் தருகிறது. நினைவகத்தின் அளவையோ உறுப்புகளின் எண்ணிக்கையையோ இப்படிப் படிக்கும் நிரலில் இது பாதுகாப்புச் சிக்கலாகவே முடியும்.

இந்தச் சோதனைகள் அனைத்தையும் ஒரே முறை ஒரு சிறு செயற்கூறில் எழுதி, நிரல் முழுவதும் அதையே அழைப்பதுதான் நடைமுறைத் தீர்வு. ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தினர் இதைத்தான் செய்தார்கள். 2004-ல் வந்த அதன் 3.6 பதிப்பிலிருந்து ஸ்டர்-டு-நம் என்ற செயற்கூறு இருக்கிறது. அதற்குச் சரத்தோடு, ஏற்கத்தக்க குறைந்த மதிப்பையும் உயர்ந்த மதிப்பையும் கொடுக்க வேண்டும்; தவறு நேர்ந்தால் எண் செல்லாதது, மிகச் சிறியது, மிகப் பெரியது என்று மூன்றில் ஒன்றைச் சொற்களாகவே தருகிறது. எல்லைகளைக் கட்டாயமாகக் கேட்பது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். வலைப்பின்னலின் ஒரு துறை எண் (போர்ட்) 1-க்கும் 65535-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பதை நிரலாளர் அப்போதே நினைத்துப் பார்த்தாக வேண்டியிருக்கிறது. உங்கள் இயங்குதளத்தில் இது இல்லையென்றாலும், நீங்கள் எழுதும் சிறு செயற்கூறுக்கு இதைவிட நல்ல முன்மாதிரி கிடைக்காது.

கையால் எழுதலாமா?

ஒவ்வொரு இலக்கமாக எடுத்து, அதுவரை சேர்ந்த மதிப்பைப் பத்தால் பெருக்கி, புதிய இலக்கத்தைக் கூட்டிக்கொண்டே போகும் முறையை ஐந்து வரிகளில் எழுதிவிடலாம். எழுத்து வடிவ இலக்கத்திலிருந்து '0' என்ற எழுத்தின் குறியீட்டைக் கழித்தால் இலக்கத்தின் மதிப்பு கிடைக்கும். 0 முதல் 9 வரையிலான எழுத்துகள் அடுத்தடுத்து இருக்கும் என்று சி தரநிலையே உறுதி தருவதால், இது எந்தக் குறியீட்டு முறையிலும் பிழைபடாது.

கற்பதற்காக எழுதுவது நல்ல பயிற்சி. நடைமுறை நிரலில் வைப்பதற்கு முன் இரண்டு இடங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, எல்லைச் சோதனையைப் பெருக்குவதற்கு முன்பே செய்ய வேண்டும். பெருக்கிவிட்டு, விடை எதிர்ம எண்ணாகிவிட்டதா என்று பார்ப்பது சரியல்ல. குறியுள்ள எண்ணின் எல்லை மீறலே வரையறுக்கப்படாத நடத்தை என்பதால், அப்படி நேராது என்று கொண்டு கம்பைலர் அந்தச் சோதனையையே நீக்கிவிட உரிமை உண்டு. இரண்டாவது, எதிர்ம எல்லையான -2147483648. நேர்ம எல்லை அதைவிட ஒன்று குறைவு என்பதால், முதலில் 2147483648 என்று சேர்த்துவிட்டுப் பின்னர் குறியை மாற்றும் நிரல் அந்த ஒரே ஓர் எண்ணில் தவறிவிடும். ஜாவாவின் நூலகம் இதைத் தவிர்க்கத் தொடக்கத்திலிருந்தே எதிர்மத் திசையில் சேர்த்துக்கொண்டு போய், நேர்ம எண்ணாக இருந்தால் இறுதியில் குறியை மாற்றுகிறது. சிறிய நுட்பம்தான், ஆனால் கையால் எழுதப்பட்ட நிரல்கள் பலவற்றில் இது இருப்பதில்லை.

சி++ தரும் தேர்வுகள்

சி++ மொழியில் நீண்ட காலம் வழக்கிலிருந்தது ஸ்ட்ரிங்-ஸ்ட்ரீம். சரத்தை ஓர் உள்ளீட்டு ஓடைபோல ஆக்கி அதிலிருந்து எண்ணைப் படிப்பது இதன் முறை. எந்த வகைக்கும் ஒரே எழுத்துமுறை என்பது இதன் நன்மை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் ஓடையை உருவாக்குவது கனமான வேலை. லோகேல் எனப்படும் நாடு, மொழி சார்ந்த அமைப்புக்கு ஏற்ப, ஆயிரத்தைப் பிரிக்கும் குறிகளை ஏற்பதும் மாறக்கூடும். பின்னால் எதுவும் மிஞ்சியிருக்கிறதா என்பதை நாமே இன்னொரு முறை கேட்க வேண்டும். படிப்பு தோற்றால் மாறியில் என்ன இருக்கும் என்பதுகூட 2011-ஆம் ஆண்டுத் தரநிலையில் மாறியது. அதற்கு முன் பழைய மதிப்பு அப்படியே இருக்கும், அதற்குப் பின், எண்ணே இல்லையென்றால் பொதுவாக 0 எழுதப்படும். பழைய நிரல்களைப் புதிய கம்பைலருக்குக் கொண்டுவருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புதிதாக எழுதுவதற்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதே 2011-ஆம் ஆண்டுத் தரநிலையில் வந்தது எஸ்-டு-ஐ. எண்ணே இல்லையென்றால் ஒரு விதிவிலக்கையும் (நிரலின் வழக்கமான ஓட்டத்தை முறிக்கும் பிழையறிவிப்பு), எல்லை மீறினால் வேறொரு விதிவிலக்கையும் எறிகிறது. தவற்றைக் கவனிக்காமல் கடந்துபோக முடியாது என்ற அளவில் இது ஏ-டு-ஐயைவிடப் பன்மடங்கு மேலானது. ஆனால் இதன் உள்ளே வேலை செய்வது அதே ஸ்டர்-டு-எல் என்பதால், "42கிமீ" என்பதற்கு எந்த முறையீடும் இல்லாமல் 42 தருகிறது. எத்தனை எழுத்துகள் படிக்கப்பட்டன என்பதை இரண்டாவது தகவலாகக் கேட்டு வாங்கிச் சரத்தின் நீளத்தோடு ஒப்பிட்டால்தான் இது பிடிபடும். பெரும்பாலோர் அந்த இடத்தை நிரப்புவதே இல்லை. விதிவிலக்குகள் இருப்பதாலேயே எல்லாத் தவறும் பிடிபடும் என்ற நம்பிக்கையை இது ஏற்படுத்திவிடுகிறது. என் சேவையின் கோப்பில் இருந்த அந்த 'ஓ' எழுத்தை இதுவும் தடுத்திருக்காது.

சி++ மொழிக்கான பூஸ்ட் நூலகத்தின் லெக்சிகல்-காஸ்ட் இந்தக் குறையைத் தீர்த்தது. சரம் முழுவதும் எண்ணாக இருந்தால் மட்டுமே அது ஏற்கும், இல்லையேல் விதிவிலக்கு. ஏற்கெனவே பூஸ்ட் பயன்படுத்தும் நிரலில் இது நல்ல தேர்வு. 8 பிட் முழு எண்ணுக்கு மட்டும் இதைப் பயன்படுத்தக் கூடாது. அந்த வகையை அது எழுத்தாகக் கருதுவதால், "5" என்ற சரத்துக்கு 53 என்ற மதிப்பு கிடைக்கும்.

2017-ஆம் ஆண்டுத் தரநிலையில் வந்த ஃப்ரம்-சார்ஸ்தான் இப்போது சி++ நிரலாளர்கள் முதலில் எடுக்க வேண்டியது. சரத்தின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் இரண்டு சுட்டிகளைக் கொடுத்தால் போதும். சரம் சுழி பைட்டில் முடிய வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. ஒரு பெரிய இடையகத்தின் (தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகப் பகுதியின்) நடுவிலிருக்கும் எண்ணைப் பிரதியெடுக்காமலே படிக்கலாம். இது நினைவகம் ஒதுக்குவதில்லை, விதிவிலக்கு எறிவதில்லை, லோகேலைப் பார்ப்பதில்லை, எர்னோவைத் தொடுவதில்லை. படிப்பு நின்ற இடமும் பிழைக்குறியீடும் ஒன்றாகச் சேர்ந்து விடையாக வருகின்றன. தவறு நேர்ந்தால் நம் மாறியின் பழைய மதிப்பு மாறாமல் இருக்கிறது. முன்பு பிழை கண்டுபிடிப்பதா, வேகமா என்று ஒன்றை விட்டு ஒன்றைப் பெற வேண்டியிருந்தது. இதில் இரண்டும் சேர்ந்தே கிடைக்கின்றன.

இதன் கண்டிப்பு சிலருக்குச் சங்கடம் தரலாம். முன்னால் ஓர் இடைவெளி இருந்தாலும் மறுக்கும். "+42" என்பதையும் மறுக்கும். பதினாறடிமானம் என்று கொடுத்தாலும் 'சுழி, எக்ஸ்' என்ற முன்னொட்டை ஏற்காது. பயனர் தட்டச்சு செய்த சரமானால், இரு முனைகளிலும் உள்ள இடைவெளிகளை நாமே வெட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும். நான் இதைக் குறையாகக் கருதவில்லை. எதை மன்னிப்பது என்பதை நூலகம் முடிவுசெய்வதைவிட நிரலாளர் முடிவுசெய்வது மேல். அந்த முடிவு நிரலில் ஒரு வரியாகக் கண்ணுக்குத் தெரியும். கவனிக்க வேண்டியது ஒன்றே: பின்னால் ஒட்டியிருப்பதை இதுவும் தானாகத் தவறு என்று சொல்லாது. நின்ற இடம் நாம் கொடுத்த முடிவுக்குச் சமமா என்று ஒப்பிட்டே ஆகவேண்டும்.

பிற மொழிகளில்

ரஸ்ட், கோ ஆகிய மொழிகளில் தேர்வுக்கே பெரிய வேலையில்லை. ரஸ்டின் பார்ஸ், வெற்றியையோ பிழையையோ தாங்கிய ஒரே விடையைத் தருகிறது. அதைப் பிரித்துப் பார்க்காமல் உள்ளிருக்கும் எண்ணைத் தொட முடியாது. கோ மொழியின் செயற்கூறுக்கும் ஏ-டு-ஐ என்றே பெயர். ஆனால் அது எண்ணோடு பிழையையும் இரண்டாவது விடையாகத் தருகிறது. இரண்டுமே சரம் முழுவதும் எண்ணாக இருக்க வேண்டும் என்கின்றன. சி ஷார்ப்பில் பார்ஸ், ட்ரை-பார்ஸ் என்று இரண்டு உண்டு; தவறான உள்ளீடு அரிதானால் முதலாவது, அடிக்கடி வருமானால் இரண்டாவது. ஒவ்வொரு தவற்றுக்கும் விதிவிலக்கு எறிந்து பிடிப்பது செலவானது.

பைத்தானின் இன்ட் முற்றிலும் வேறு வழியில் சிந்திக்கிறது. அதன் முழு எண்களுக்கு மேல் எல்லை இல்லாததால் மூன்றாவது கேள்வியே எழுவதில்லை. பதிலாக வேறொரு சிக்கல் எழுகிறது: மிக நீண்ட சரத்தை எண்ணாக்கும் வேலை இலக்கங்களின் எண்ணிக்கைக்கு இருபடியாகப் பெருகுவதால், யாரேனும் பல லட்சம் இலக்கங்களை அனுப்பி ஒரு சேவையைத் திணறடிக்க முடியும். 2022-ல் இயல்பாக 4300 இலக்கங்கள் என்ற வரம்பு கொண்டுவரப்பட்டது இதனால்தான். இடைவெளிகளை இது வெட்டிவிடுகிறது, 3.6 பதிப்பிலிருந்து இலக்கங்களுக்கு நடுவே அடிக்கோட்டையும் ஏற்கிறது. பின்னால் ஒட்டியிருப்பதை மறுக்கிறது.

நம் மொழிக்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி ஒன்றும் இதில் உண்டு. பைத்தானுக்கு "௪௨" என்று தமிழ் இலக்கங்களில் கொடுத்தாலும் 42 என்றே தரும். ஜாவாவின் பார்ஸ்-இன்ட்டும் அப்படியே. யூனிகோடில் ௦ முதல் ௯ வரை பதின்ம இலக்கங்கள் என்ற வகையில் இருப்பதே காரணம். ஆனால் ௰, ௱, ௲ ஆகியவை அந்த வகையில் இல்லை. ஆகவே மரபு முறையில் "௪௰௨" என்று எழுதினால் இரண்டு மொழிகளும் மறுத்துவிடும். சி, சி++, ரஸ்ட், கோ, சி ஷார்ப் ஆகியவை 0 முதல் 9 வரை மட்டுமே அறியும். ஒரே தரவை ஒரு பைத்தான் நிரல் ஏற்று, அதே சரத்தை அடுத்து வரும் சி++ நிரல் மறுக்கும் அமைப்பில் இந்த வேறுபாடு முக்கியமாகிறது. எண்ணாக மாற்றிய பின் அந்த எண்ணையே அடுத்த நிரலுக்கு அனுப்பினால் சிக்கலில்லை. மூலச் சரத்தை அனுப்பினால்தான் சிக்கல். மாற்றும் முன் எல்லாம் இலக்கமா என்று பைத்தானின் இஸ்-டிஜிட் கொண்டு சோதிக்கும் வழக்கத்தையும் இங்கே விட்டுவிட வேண்டும். மேலொட்டாக எழுதும் இரண்டை அது இலக்கம் என்கிறது, இன்ட் மறுக்கிறது. "-5" என்பதை அது மறுக்கிறது, இன்ட் ஏற்கிறது. மாற்றிப் பார்த்து, தோற்றால் விதிவிலக்கைப் பிடிப்பதே சரியான முறை.

ஜாவாஸ்கிரிப்டில்தான் இரண்டு வழிகளுக்கு இடையிலான தேர்வு உண்மையில் கடினம். பார்ஸ்-இன்ட் தொடக்கத்திலிருந்து முடிந்தவரை படித்துவிட்டு மிச்சத்தை மறந்துவிடுகிறது. நம்பர் முழுச் சரத்தையும் பார்க்கிறது. "42கிமீ" என்பதற்கு முதலாவது 42 தரும், இரண்டாவது 'எண் அல்ல' என்று தரும். இதைப் பார்த்து நம்பரே மேல் என்று முடிவுசெய்தால், வெற்றுச் சரத்தில் அது ஏமாற்றுகிறது. அதற்கு 0 தருகிறது. பார்ஸ்-இன்ட் அங்கே சரியாக 'எண் அல்ல' என்கிறது. ஒன்றின் பலம் மற்றொன்றின் பலவீனம். பார்ஸ்-இன்ட்டின் இரண்டாவது தகவல் அடிமானம் என்பதை மறந்து, ஒரு வரிசையின் "1", "2", "3" ஆகிய உறுப்புகள் மீது மேப் (ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு செயற்கூறை அழைப்பது) வழியாக நேரடியாக ஏவினால், வரிசை எண்ணே அடிமானமாகப் போய் 1, 'எண் அல்ல', 'எண் அல்ல' என்று வரும். சுழியில் தொடங்கும் சரத்தை எட்டடிமானமாகக் கொள்ளும் பழைய வழக்கம் 2009-ஆம் ஆண்டுத் தரநிலையில் நீக்கப்பட்டது. நான் செய்வது: முதலில் ஒரு சிறு வடிவக்கோவையால் (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) குறியும் இலக்கங்களும் மட்டுமே உள்ளன என்று உறுதிசெய்கிறேன், பிறகு நம்பர், அதன்பின் 9007199254740991 என்ற பாதுகாப்பான எல்லைக்குள் இருக்கிறதா என்ற சோதனை. அதைத் தாண்டினால் பிழையே காட்டாமல் அருகிலுள்ள வேறோர் எண் கிடைத்துவிடும். தரவுத்தளத்தின் 64 பிட் அடையாள எண்களைப் படிப்பவர்களுக்கு இது நேர்ந்தே தீரும், அவர்களுக்குப் பெரிய முழு எண்களுக்கான பிக்-இன்ட் வகை வேண்டும்.

மாற்றவே கூடாதவை

எந்த வழி என்று கேட்பதற்கு முன், மாற்றத்தான் வேண்டுமா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். தொலைபேசி எண், அஞ்சல் குறியீடு, கணக்கு எண் ஆகியவை இலக்கங்களால் ஆனவை என்றாலும் எண்கள் அல்ல. அவற்றைக் கூட்டுவதோ பெருக்குவதோ இல்லை. முழு எண்ணாக மாற்றினால் முன்னால் உள்ள சுழிகள் போய்விடும். திரும்பச் சரமாக்கும்போது எத்தனை சுழிகள் இருந்தன என்று எவராலும் சொல்ல முடியாது. அவற்றைச் சரமாகவே வைத்து, வடிவம் சரியா என்று மட்டும் சோதிக்க வேண்டும்.

உண்மையிலேயே எண்ணாக வேண்டியவற்றுக்கு, சி++ 2017 அல்லது அதற்குப் பிந்தைய கம்பைலர் கையில் இருந்தால் ஃப்ரம்-சார்ஸைச் சுற்றி ஒரு சிறு செயற்கூறு எழுதிக்கொள்வேன். சி மட்டுமே என்றால் ஸ்டர்-டு-எல்லைச் சுற்றி, எல்லைகளைக் கேட்டு வாங்கும் ஒன்று. பழைய சி++ கம்பைலரோடு கட்டுண்டிருந்தால், படித்த எழுத்துகளின் எண்ணிக்கையைச் சரிபார்க்கும் எஸ்-டு-ஐ. இம்மூன்றில் எதை எழுதினாலும் அதற்கான சோதனைகளில் வெற்றுச் சரம், ஒற்றைக் கழித்தல் குறி மட்டும், முன்னும் பின்னும் இடைவெளி உள்ள 42, பின்னால் எழுத்து ஒட்டிய 42, "010", நேர்ம எல்லை 2147483647, அதைவிட ஒன்று கூடிய 2147483648, எதிர்ம எல்லை -2147483648, அதைவிட ஒன்று குறைந்த -2147483649, முப்பது இலக்க எண் ஒன்று ஆகியவை இருக்க வேண்டும். மேலும் தோற்கும் ஒவ்வொரு நேர்விலும், எந்தக் கோப்பின் எந்த வரியில் எந்தச் சரம் மறுக்கப்பட்டது என்பதை மேற்கோள் குறிகளுக்குள் அச்சிடும் பிழைச்செய்தி வர வேண்டும். சரத்தின் முனையில் ஒட்டியிருக்கும் இடைவெளி அந்தக் குறிகள் இருந்தால்தான் கண்ணில் படும். ஆஸ்கிக்கு வெளியே உள்ள எழுத்துகளையும், 'ஓ' போல இலக்கத்தை ஒத்த எழுத்துகளையும் அவற்றின் குறியீட்டு எண்ணோடு சேர்த்து அச்சிட்டால், செய்தியைப் படிப்பவர் கோப்பைத் திறக்கும் முன்பே எதைத் திருத்த வேண்டும் என்று அறிந்துகொள்வார்.